பொன்னமராவதிக்குப் போகும் பருவம்: ஒரு விசாரணை

உஷ்ணதேசம் ஒன்றுக்கு யாத்திரை போக உகந்த காலம் எது என்னும் பிரச்னையைப் பிரயாண நூலார் யாவரும் ‘டிசம்பர் முதல் பிப்ரவரி வரை’ என்று ஒரே வரியில் தீர்த்துவிட்டு, அடுத்த வரியிலேயே ஹோட்டல்களின் பெயர்களை அடுக்கத் தொடங்கிவிடுவதால், இவ்விஷயத்தில் சாஸ்திரோக்தமான விசாரணை எதுவும் இதுகாறும் நடைபெறவில்லை என்றே சொல்லவேண்டும். அக்குறையை நீக்கும் பொருட்டுப் புதுக்கோட்டை ஜில்லாவைச் சேர்ந்த பொன்னமராவதியை உதாரண ஸ்தலமாக எடுத்துக்கொள்கிறோம். உஷ்ணதேசம் என்னும் பட்டத்துக்கு இவ்வூர் பாத்திரமானதே. பூமத்திய ரேகைக்கு வடக்கே பத்துப் பாகையும் சொச்சமும் தள்ளிக் கிடப்பதால், ஏப்ரல் மத்தியில் ஒரு முறையும் ஆகஸ்டு கடைசி வாரத்தில் ஒரு முறையுமாகச் சூரிய பகவான் இங்கே நேர் உச்சிக்கு வந்து நிற்கிறார். அன்று கடிகாரம் பன்னிரண்டே கால் காட்டும் சமயத்தில் பஸ் ஸ்டாண்டில் நிற்பவர் தம் நிழலைத் தேடினால், அது அவருடைய செருப்புக்கடியில் ஒளிந்திருக்கும்.

முதற்கண் பூர்வபட்சம். வியர்வைவாதிகள் என்று நாம் பெயர் சூட்டியிருக்கும் முதற் கட்சியார், விருந்தாளியின் சட்டை நனையாத காலமே நற்காலம் என்பர். ஆகவே அவர்களுக்கு மார்கழியும் தையும் தவிர வேறு மாதமே இல்லை. கட்சி பலவீனமானதன்று. பக்கத்து வேந்தன்பட்டியில் நந்திக்கு நெய்யபிஷேகம் செய்வது பிரசித்தம். அந்த நெய் மார்கழி விடியலில் பாத்திரத்தோடு உறைந்து கிடப்பதும், சித்திரைப் பகலில் தண்ணீராய் ஓடுவதும் எந்த உஷ்ணமானிக்கும் இளைக்காத பிரத்யட்சப் பிரமாணங்கள். நமது ஆட்சேபம் வேறு. பொங்கல் நாட்கள் நீங்கலாக அப்பருவத்தில் ஊரார் கதிரையும் களத்தையும் கவனித்துக்கொண்டிருப்பார்களாதலால், வந்தவர் தமது உலர்ந்த சட்டையைத் தாமே மெச்சிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்க நேரும்.

மாமனார் வீட்டார் அழைக்கும் காலமே காலம் என்பது சம்பந்திவாதிகளின் கொள்கை. தலைத் தீபாவளி ஐப்பசியில் வருகிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்துவிடுகிறது. மாப்பிள்ளையின் பட்டு வேஷ்டிக்கு நேரும் கதியை விவரிக்க வேண்டியதில்லை. இனிப் பஞ்சாங்கவாதிகளோ தொல்காப்பியம் வகுத்த பெரும்பொழுது ஆறினையும் முன்வைத்து, மாசியும் பங்குனியும் பின்பனி என்று சாதிப்பர். பங்குனிப் பகலில் பொன்னமராவதியில் பனியைத் தேடுபவர் ஐஸ் வண்டியின் மணியோசையைத் தொடர்ந்து போவதே உத்தமம்.

சித்தாந்தம் யாதெனில், பருவத்தை ஆகாயத்தில் தேடலாகாது, கண்மாயில் தேடவேண்டும் என்பதாம். ஐப்பசி கார்த்திகையில் நிறைந்த தண்ணீர் மடை வழியே வயலுக்கு ஓடி, அறுப்பும் முடிந்து, கண்மாய் வற்ற வற்ற, ஊருக்கு ஓய்வு பெருகுகிறது. பங்குனியில் கொன்னையூர் மாரியம்மனுக்கு ஆலவயல், செம்பூதி முதலிய நாட்டார் உடம்பெல்லாம் சேறு பூசி நாடு செலுத்த வருவர். சித்திரை வைகாசியில், மே 4 முதல் 28 வரை கத்திரி என்று உலகம் நடுங்கும் அந்த நாட்களையும் தள்ளாமல், மீன்பிடித் திருவிழாக்கள் நடைபெறும். விடியற்காலையில் சுற்றுவட்டாரத்தார் ஊத்தாவும் கச்சாவும் வலையுமாகக் கரையில் நெருக்கியடித்து நிற்க, ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஒரே பாய்ச்சலாக இறங்குவர். ஊத்தா என்பது அடி அகன்று மேல் குறுகி, இரு முனையும் திறந்த மூங்கில் கூடு. அதைச் சேற்றில் ஓங்கிக் குத்தி, உள்ளே துள்ளுவதைக் கையதிர்வால் உணர்ந்து, மேல்வாய் வழியே தோள்வரை கையை விட்டுத் துழாவினால், பாக்கியவான்களுக்கு விரால் அகப்படும். மற்றவர்களுக்குக் கெளுத்தியின் முள் அகப்படும். பிரயாண நூலார் வரவே வராதீர்கள் என்று தடுக்கும் மாதங்கள் இவையே என்பது கவனிக்கத்தக்கது.

ஆயினும் ஒரு சங்கடம் உண்டு. திருவிழாத் தேதி எந்தக் காலண்டரிலும் இராது. தண்ணீர் வற்றும் தினுசைப் பார்த்து ஊர் கூடிப் பேசி முடிவு செய்வது அது. ஆறு மாதத்துக்கு முன்பே டிக்கெட் வாங்கும் பிரயாணி என் செய்வார்? தேதியை உடனுக்குடன் சொல்லியனுப்ப உள்ளூரில் ஓர் உறவினர் வேண்டும். இல்லாதார் அங்கே பெண்ணெடுப்பதே உபாயமாகையால், மேலே நாம் தள்ளிய சம்பந்திவாதிகளை வேறு வாசல் வழியாக உள்ளே அழைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கரையில் குடை பிடித்து நின்று வேடிக்கை பார்த்துத் திரும்புபவரைப் பருவமறிந்து வந்தவராகக் கொள்ளலாமா என்னும் சங்கையை விரிக்க இங்கே இடமில்லை. முழங்காலில் சேறு படாதவருக்குக் குழம்பில் நடுத்துண்டம் கிடையாது என்பதை மட்டும் அவருக்கு முன்கூட்டியே அறிவித்துவிடுவது நியாயம்.