மார்க்கோ போலோ வீட்டுக்கு வழி

நம் ஊருக்கு வந்து போனவர் வீட்டுக்கு நாமும் ஒரு நடை போய்வர வேண்டும். இல்லாவிட்டால் பேச்சு வரும். மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் எங்கள் தூத்துக்குடிப் பக்கத்துக் காயலுக்கு வந்து, அங்கே கப்பலில் வந்திறங்கிய குதிரைகளைப் பற்றியெல்லாம் எழுதிவிட்டுப் போனவர். எழுநூறு வருஷமாகப் பதில் மரியாதை பாக்கி நிற்கிறது. வெனிஸ் போக வாய்த்ததும், அதைத் தீர்த்துவிடலாம் என்றேன். "வெறுங்கையோடயா?" என்று கேட்டு, பெட்டியிலிருந்து மக்ரூன் பொட்டலத்தை எடுத்துக்கொண்டாள் மனைவி.

சான் மார்க்கோ சதுக்கத்தில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கிற கூட்டம், இரண்டு சந்து தாண்டினால் காணாமல் போய்விடுகிறது. கார் கிடையாது, பைக் கிடையாது, சைக்கிள்கூட ஓட்டக் கூடாது. யார் வீட்டிலோ பூண்டு வதங்குவது காதில் விழுகிற அளவுக்கு அமைதி. அந்த அமைதியில் வழி கேட்கத்தான் ஆள் இல்லை. 1951இல் ஏறக்குறைய 1,75,000 பேர் வாழ்ந்த பழைய நகரத்தில் இன்று 50,000 பேர்கூட இல்லை. தெருவில் தட்டுப்பட்டவர்களில் பாதிப் பேர், எங்களிடம் வழி கேட்பதற்காக நின்றவர்கள்.

சரி, கதவு எண்ணை வைத்துப் பிடிக்கலாமே என்பீர்கள். இங்கே தெருவுக்குத் தெரு 1, 2 என்று தொடங்குவதில்லை. ஊரை ஆறு பகுதியாக வெட்டி, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரே ஓட்டமாக எண் போட்டிருக்கிறார்கள். காஸ்தெல்லோ பகுதியில் அது 6,000-ஐத் தாண்டி ஓடுகிறது. சந்துக்குள் நுழைந்து, முற்றத்தைச் சுற்றி, பாலம் ஏறி, அடுத்த எண் எங்கேயோ போய் முளைக்கும். இது ஆஸ்திரியர்கள் ஆண்ட காலத்து ஏற்பாடு. பிடித்த ஊர்மேல் அவர்களுக்கு அவ்வளவு கோபம் இருந்திருக்க வேண்டாம்.

செல்போனும் கைவிட்டது. சுவர்கள் அவ்வளவு நெருக்கம். படத்தில் நீலப் புள்ளி கால்வாயின் நட்டநடுவில் நின்றது. நானோ சட்டை நனையாமல் கரையில் நின்றேன். சுவரில் மஞ்சள் பலகை ஒன்று, ரியால்டோ பாலத்துக்கு வழி இடது பக்கம் என்றும் காட்டியது, வலது பக்கம் என்றும் காட்டியது. இரண்டும் உண்மை. எரிச்சலே அதில்தான்.

பாலத்தடியில் ஒருவர் தள்ளுவண்டியோடு வந்தார். ஏதோ ஓட்டலுக்கான தண்ணீர் பாட்டில்கள், ஆளுயரத்துக்கு. 400-க்கும் மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலும் படி வைத்தவை. இவ்வளவையும் எப்படி ஏற்றுவார் என்று பார்த்தேன். வண்டிக்கு முன்னால் துருத்திக்கொண்டு இரண்டு குட்டிச் சக்கரங்கள். அவற்றை மேல்படியில் ஊன்றி, கைப்பிடியைத் தூக்கிச் சாய்த்து, பெரிய சக்கரத்தைப் பின்னால் ஏற்றுகிறார். அடுத்த படி, அதற்கடுத்த படி. ஒரு பாட்டில் உருளவில்லை. "அத்தென்சியோனே!" என்று அவர் போட்ட சத்தத்தில் நாங்கள்தான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டோம். வழி கேட்டதற்கு, நேரே போங்கள் என்று கையை நீட்டினார். அந்த ஊரில் எல்லாரும் அதையேதான் சொல்கிறார்கள். நேராக முப்பதடி போகிற தெரு எதுவும் என் கண்ணில் படவில்லை.

நேரே போனதில் வந்து சேர்ந்தது கால்லே வாரிஸ்கோ. ஊரிலேயே ஒடுக்கமான சந்துகளில் ஒன்று. ஓரிடத்தில் அகலம் 53 சென்டிமீட்டர்தான். "நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க" என்று மனைவி வாசலிலேயே நின்றுகொண்டாள். பக்கவாட்டில் திரும்பி, மூச்சை அடக்கி, ஓட்டல் காலைச் சாப்பாட்டை நினைத்து வருந்தியபடி உள்ளே போனேன். நம்மூர் முட்டுச்சந்து சுவரில் முடியும். இது கால்வாயில் முடிந்தது. திரும்ப இடமில்லாமல் அப்படியே நண்டு நடையாக வெளியே வந்தபோது, மக்ரூன் பொட்டலம் காலியாகியிருந்தது. "எவ்வளவு நேரம்தான் நிக்கிறது?" என்றாள்.

மார்க்கோ போலோவின் முற்றம் அங்கிருந்து பக்கம்தான். தலை குனிந்து போகத் தோன்றும் ஒரு கூரையடி வழியில் நுழைந்தால் 'மிலியோன்' முற்றம். இல்லாததையும் பொல்லாததையும் மில்லியன் மில்லியனாக அளந்துவிடுகிறார் என்று ஊரார் வைத்த பட்டப்பெயர் அது என்பார்கள்; அதையே பெயராகச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். மிருகங்கள் செதுக்கிய பழைய கல் வளைவு ஒன்று நிற்கிறது. வீடு இல்லை. எரிந்துபோன அந்த இடத்தில் 1678இல் வந்த நாடக அரங்கு இன்றும் மலிப்ரான் என்ற பெயரில் நடக்கிறது. இங்கேதான் அவர் வீடு இருந்தது என்று சொல்லும் கல்வெட்டைப் படித்துவிட்டு, அவர் நம்மைப் பற்றி எழுதியதை மனைவிக்குச் சொன்னேன்: பாண்டிய நாட்டில் தையல்காரனே கிடையாது, அரசன் முதல் எல்லாரும் இடுப்பில் ஒரு துணியோடு சரி.

"விருந்தாளியா வந்தவன் ஊர்ல போய் இப்படியா சொல்லுவான்?" என்றவள் அண்ணாந்து பார்த்தாள். இரண்டு மாடிகளுக்கு நடுவே கப்பிக் கயிற்றில் துணி காய்ந்தது. "இங்க மட்டும் என்னவாம்? கைக்குட்டை அகலத்துலதான தொங்குது!" என்று கையை நீட்டிச் சத்தமாகக் காட்டினாள்.

ஜன்னல் திறந்தது. ஒரு பாட்டி எங்களை வைத்த கண் வாங்காமல் பார்த்தபடியே கயிற்றை இழுத்து, உள்ளாடைகளை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே பத்திரப்படுத்திக்கொண்டாள்.