பஞ்சப்பாட்டுக் கச்சேரி

காசில்லாதவனைத் தமிழ் வெறுங்கையோடு நிற்க விடாது. ஏதாவது ஒரு வாத்தியத்தைக் கொடுத்துவிடும். சோற்றுக்குத் தாளம் போடுகிறான், சிங்கி அடிக்கிறான், வாயைத் திறந்தால் பஞ்சப்பாட்டு. எங்கள் வீட்டில் மாதக் கடைசியில் இந்தக் கச்சேரி தவறாமல் நடக்கும். அனுமதி இலவசம், காபி கிடையாது.

சங்கீதம் வராதவர்களுக்குச் சந்நியாசம். பரதேசி, பஞ்சப்பரதேசி, அன்னக்காவடி, ஓட்டாண்டி. பழனி மலையில் கோவணத்தோடு நிற்கும் ஆண்டிக்கு உண்டியலில் கோடிக்கணக்கில் விழுகிறது. நம் ஆண்டிக்கோலத்துக்கு மளிகைக் கடையில் கால் கிலோ துவரம்பருப்பு பெயராது.

இதில் ஓட்டாண்டி கொஞ்சம் உசத்தி. ஏழையாகப் பிறக்கலாம், ஓட்டாண்டியாகப் பிறக்க முடியாது, ஆகத்தான் முடியும். அதற்கு முன்னால் கையில் நாலு காசு இருந்திருக்க வேண்டும். எங்கள் பெரியப்பா சீட்டுப் பிடித்து, மஞ்சள் கடுதாசி கொடுத்தவர். ஊர் அவரை ஓட்டாண்டி என்றால் மீசையைத் தடவிக்கொள்வார். "நாமெல்லாம் இருந்து கெட்டவங்கடா!" எனக்கு அந்தப் பட்டம் கிடைக்க வாய்ப்பே இல்லை. கெடுவதற்கு முதலில் இருக்க வேண்டுமே.

1957 ஏப்ரலில் அணாவை ஒழித்து நயாபைசா கொண்டுவந்தார்கள். கொடுக்கல் வாங்கலில் அணா போயிற்று, இல்லாமையில் போகவில்லை. இன்றைக்கும் ஒருவன் 'காலணா பெறாதவன்'தான், 'கையில் தம்பிடி இல்லாதவன்'தான். ஒரு ரூபாய்க்கு 192 தம்பிடி. ரூபாயே இல்லாதவனிடம், அதில் 192-இல் ஒரு பங்குகூட இல்லை என்று பின்னம் போட்டுச் சொல்கிறோம். இருப்பதைக்கூட நாம் இவ்வளவு துல்லியமாக எண்ணுவதில்லை. கொழும்பில் சல்லி என்றால் பணமேதான். அங்கே 'சல்லி இல்லை' என்றால் கதை முடிந்தது. இங்கே 'சல்லிக்காசு இல்லை' என்பவரை மட்டும் நம்பக் கூடாது என்பது என் அனுபவம். நிஜமாகவே இல்லாதவன் பேசாமல் போய்விடுவான். பாட்டை ராகத்தோடு இழுப்பவர் வீட்டில்தான் மூன்று அறையிலும் ஏசி.

போன மாதம் சித்தப்பாவின் கடைக்குப் போய்க் கைமாற்றாக ஆயிரம் கேட்டேன். "வியாபாரமே இல்லப்பா. காலையிலேர்ந்து ஈ ஓட்டிட்டிருக்கேன். தம்பிடி கிடையாது" என்று அவர் கண் கலங்க ஆரம்பிக்கும்போதே, கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த பெட்டி கணீரென்று அறிவித்தது: "தொள்ளாயிரத்து ஐம்பது ரூபாய் பெறப்பட்டது."

"அது பக்கத்துக் கடைப் பெட்டிடா" என்றார் சித்தப்பா.