மெராப்பிச் சரிவின் விருந்தாளி

ஜாவாத் தீவின் யோக்யகர்த்தா நகருக்கு வடக்கே, மெராப்பி எரிமலையின் சரிவில், சலாக் பழத்தோட்டங்களுக்கிடையே அமைந்த சிற்றூர்களுக்கு விடுமுறையைக் கழிக்க வரும் வெள்ளைக்காரர் ‘புலே’ எனப்படுகிறார். தோல் நிறமியற்றுப் பிறந்தவரைக் குறித்த ‘புலாய்’ என்னும் சொல்லின் வழிவந்த இப்பெயரில் பகை பெரிதாக இல்லை, ஆயினும் அதனின்று தப்ப வழியும் இல்லை. ஊராருள் ஒருவராக எளிமையாய் வாழ்ந்து பார்ப்பதே புலேயின் வேட்கை. அவ்வெளிமை எவ்வகையிலும் அவரை அண்டிவிடாமல் காப்பதே விருந்தோம்பும் வீட்டாரின் கடமை.

அவர் பாயில் படுக்க ஆசைப்படுவார். வீட்டாரோ இருக்கும் ஒரே கட்டிலையும் மின்விசிறியையும் அவருக்கு விட்டுக்கொடுத்து, அவர் ஆசைப்பட்ட பாயில் தாங்கள் நிம்மதியாக உறங்குவர். சோயா மொச்சையைப் பூஞ்சையால் இறுகவைத்த தெம்பேயையும் மிளகாய் அரைத்த சம்பலையும் அவர் கனவு கண்டிருக்க, காலையில் அவர் முன் வைக்கப்படுவது, டச்சுக்காரர் விட்டுச்சென்ற பழக்கத்தின்படி சாக்லேட் துகள் தூவிய ரொட்டி. சம்பல் கிண்ணமோ, குழந்தைக்கு எட்டாமல் மருந்தை வைப்பதுபோல, அடுக்களையின் மேல்தட்டுக்கு ஏறிவிடும்.

குளியலறையிலுள்ள ‘பாக் மண்டி’ என்னும் தொட்டியிலிருந்து நீரை மொண்டு ஊற்றிக்கொள்ள வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. அவர் தொட்டிக்குள்ளேயே இறங்கி அமர்ந்து சோப்புப் போட்டுக்கொண்டதை அறிந்தாலும் எவரும் முகம் சுளிப்பதில்லை, ‘குளித்தாயிற்றா?’ என்று அன்போடு விசாரித்துவிட்டு, அவர் தலை மறைந்ததும் தொட்டியைத் தேய்த்துக் கழுவுவர்.

தெருவில் எதிர்ப்படுவோரெல்லாம் ‘எங்கே கிளம்பிவிட்டீர்கள்?’ என்று கேட்பர். இது கேள்வியன்று, முகமன் என்பதைத் தமிழ்ச் சிற்றூர்களில் வளர்ந்தோர்க்கு விளக்க வேண்டியதில்லை. ‘ஜாலான் ஜாலான்’, அதாவது ‘சும்மா இப்படி ஒரு நடை’ என்றால் போதுமாயிருக்க, புலே நடுத்தெருவில் நின்று வரைபடத்தை விரித்துத் தம் பயணத்திட்டத்தை விவரிப்பார். இதற்கிடையே வயிறு கலங்கினால், அதற்கு வீட்டு மூதாட்டி காணும் காரணம் ‘மாசுக் ஆஙின்’, உடம்பினுள் காற்றுப் புகுந்துவிட்டது என்பதாகும். எண்ணெய் தடவி, நாணயத்தால் முதுகைச் சுரண்டும் அவ்வைத்தியத்தின் செங்கோடுகளைப் படமெடுத்து ஊருக்கு அனுப்பும்போதுதான் அவர் முகத்தில் மெய்யான நிறைவு தோன்றும்.

வந்த இரவே அவர் ‘பாக் எர்தே’யிடம் அழைத்துச் செல்லப்பட்டிருப்பார். சில பத்து வீடுகளுக்குத் தலைவரான இவரிடம், 24 மணி நேரத்துக்கு மேல் தங்குவோர் பெயர் பதிந்துகொள்வது வழக்கம். 1940களில் ஜப்பானியர் ஆண்டபோது வேரூன்றிய இவ்வமைப்பு, அவர்கள் போன பின்னும் போகவில்லை. நகர வாழ்வின் வெறுமை, உள்ளமைதி, எளிமையில் தம்மைத் தாமே கண்டடைதல் ஆகியவற்றைப் புலே அகராதியைப் புரட்டிப் புரட்டி அரைமணி நேரம் எடுத்துரைக்க, பாக் எர்தே சர்க்கரை மிகுந்த தேநீரை அவர்பால் நகர்த்தியபடி ஒவ்வொரு சொல்லுக்கும் பணிவோடு தலையசைத்துக் கேட்டபின், பதிவேட்டில் வருகையின் நோக்கத்துக்குரிய கட்டத்தில் ‘ஜாலான் ஜாலான்’ என்று எழுதி முடிப்பார்.