பச்சைப் பசேல் கோவில்பட்டி

பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டிலும் தமிழ்க் கட்டுரைக்கு முழு மார்க் வாங்கியவள் நான். கெட்டது அங்கேதான். முன்னுரை, நடுவே நாலைந்து உட்தலைப்பு, எல்லாவற்றுக்கும் ஸ்கெட்ச் பேனாவில் அடிக்கோடு, கடைசியில் முடிவுரை. எந்தத் தலைப்பு வந்தாலும் இந்தச் சட்டகத்துக்குள் அடைத்துவிடுவேன். சுற்றுச்சூழலுக்கு மனப்பாடம் செய்த முடிவுரை சாலைப் பாதுகாப்புக்கும் கச்சிதமாகப் பொருந்தும்.

பி.காம். இரண்டாம் வருஷத்தில் ஆன்லைன் எழுத்துப் பயிற்சி ஒன்றில் சேர்ந்தது எழுதக் கற்க அல்ல, அதுதான் தெரியுமே. சான்றிதழ் கிடைக்கும், ரெஸ்யூமில் ஒரு வரி கூடும்.

முதல் வகுப்பில் அறிமுகப் படலம். "கோவில்பட்டி சார். கி.ரா. ஊர்ப் பக்கம்தான்" என்றேன், கொஞ்சம் மிதப்பாக. எழுத்தாளர்கள் கி.ரா.வும் கு. அழகிரிசாமியும் பிறந்த இடைசெவல், நாங்கள் திருநெல்வேலி போகிற வழியில் இருக்கிற ஊர். இரண்டு பேரும் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர்கள் என்பதுவரை பொது அறிவுப் புத்தகத்தில் படித்திருந்தேன்.

"அப்படியா! அவர் கதைல உங்களுக்குப் பிடிச்சது எதும்மா?"

அந்த நிமிஷமே என் பக்கம் நெட் போய்விட்டது. டேட்டாவை அணைத்தது என் விரல்தான். பதற்றம் தணிந்து திரும்ப உள்ளே வந்தால், சேலத்துப் பையன் ஒருவன் கி.ரா.வின் 'கதவு' கதையை விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். கரிசல்காட்டுக்காரி மியூட்டில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

முதல் பயிற்சி, சொந்த ஊரைப் பற்றி எழுதுவது. பிரிண்டிங் கடைக் கம்ப்யூட்டரில் பாமினி எழுத்துருவில் அடித்து அனுப்பினேன். ஆசிரியர் திறந்தபோது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிந்திருக்கிறது. யூனிகோடுக்கு மாற்றி அனுப்பச் சொன்னார். மாற்றாமலே விட்டிருக்கலாம், அந்தக் கோலத்தில் என் கட்டுரைக்கு ஒரு மர்மமாவது இருந்தது. மாற்றிய பிறகு தெரிந்ததெல்லாம் பச்சைப் பசேலென்ற வயல்வெளியும், சலசலத்து ஓடும் நதியும், நதிக்கரையில் ஒரு தென்னந்தோப்பும்.

ஓரத்தில் ஆசிரியர் கேட்டிருந்தார்: "கோவில்பட்டியில் எந்த ஆறு?"

யோசித்துப் பார்த்தேன். எங்களுக்குத் தாமிரபரணி வருவது குழாயில். அதுவும் எல்லா நாளும் வராது. மழையை நம்பிய மானாவாரிக் காடு. உளுந்து, பாசி, மக்காச்சோளம், கொஞ்சம் பருத்தி. கரிசல் மண் மழையில் செருப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வெயிலில் கால் நுழைகிற அளவுக்கு வெடிக்கும். பிறந்ததிலிருந்து மிதித்த மண். கட்டுரையில் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அந்த வயல் ஏதோ பாடப்புத்தகப் படத்திலிருந்து வந்திருக்க வேண்டும்.

சரி, உண்மைதானே வேண்டும் என்று அடுத்ததில் உண்மையாகக் கொட்டினேன். தலைப்பு தீப்பெட்டி. சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தொழில் படித்து வந்தது, 14 வருஷம் ஒரு ரூபாய்க்கே விற்ற பெட்டி 2021 டிசம்பர் 1 முதல் இரண்டு ரூபாய் ஆனது, மெழுகு, அட்டை, சிவப்பு பாஸ்பரஸ் விலையேற்றம் என்று ஒன்றையும் விடவில்லை. "இதை ஜி.எஸ்.டி. ஆபீசுக்கு அனுப்பலாம். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்த யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?" என்று பதில் வந்தது.

தெரியும். பக்கத்து அறையில் பாக்கு இடித்துக்கொண்டிருந்தாள். என் ஆச்சி.

ஆச்சி இளம்வயசில் கட்டை அடுக்கியவள். வரிவரியாகக் காடி வெட்டிய சட்டத்தில், காடிக்கு ஒன்றாகக் குச்சிகளைப் பரத்தி நிறைப்பதுதான் கட்டை அடுக்குவது. குச்சித் தலைகள் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். அப்போதுதான் மருந்தில் முக்கினால் எல்லாத் தலைக்கும் ஒரே அளவு பிடிக்கும். எத்தனை கட்டையோ அத்தனைக்குத்தான் கூலி. இதையெல்லாம் கேட்டு வைத்துக்கொண்டு நான் எழுதியது என்ன தெரியுமா? 'வறுமையின் கோரப்பிடியில், விரல்களில் ரத்தம் கசியக் கசிய...' எழுதியதை ஆச்சிக்கே வாசித்தும் காட்டினேன், அழுவாள் என்று எதிர்பார்த்து.

"யாருக்குட்டி ரத்தம் வந்துச்சு?"

சும்மா ஒரு இதுக்கு எழுதினது ஆச்சி என்றேன்.

"கட்டை அடுக்கையில நாங்க படக்கதைல்லா பேசுவோம். ஒருத்தி ராத்திரி ஆட்டம் பாத்துட்டு வந்தான்னா மறுநா அவதான் கதை சொல்லணும். சொல்லுதவளுக்குக் கை ஓடாதுல்லா, அவ கட்டையையும் நாங்களே அடுக்கிப் போட்டுருவோம். சண்டைக் காட்சி வந்தா மட்டும் எல்லாருக்கும் கை நின்னுரும். மேஸ்திரி சத்தம் போடுவாரு."

ஒரு சினிமாக் கதைக்கு ஒருத்தியின் கூலியைப் பங்கு போட்டு உழைத்திருக்கிறார்கள். பி.காம். படிக்கிறவளுக்கு இந்தக் கணக்கு எந்த காஸ்ட் அக்கவுண்டிங் பாடத்திலும் வரவில்லை. அதை அவள் சொன்னபடியே எழுதினேன். அப்போதும் முதல் இரண்டு பத்தி பழைய முன்னுரைதான். கை தானாகப் போய்விடுகிறது. ஆசிரியர் அந்த இரண்டையும் அடித்துவிட்டு மூன்றாவதிலிருந்து தொடங்கச் சொன்னார். 'எழுதியக் கட்டுரை', 'அடுக்கியக் கட்டை' என்று நான் தாராளமாக வழங்கியிருந்த ஒற்றுகளையும் பிடுங்கினார். மிஞ்சியது ஒரு பக்கம்.

அந்த ஒரு பக்கத்தைக் கல்லூரி ஆண்டு மலருக்குக் கொடுத்தேன். அச்சாகி வந்தது. கீழே கொஞ்சம் இடம் மிச்சம் இருந்திருக்கிறது போல; யாரோ ஒரு புண்ணியவான், 'உழைப்பின் சிகரமே, ஆச்சியே, உன் பொற்பாதம் வணங்குகிறேன்!' என்று தடித்த எழுத்தில் சேர்த்துவிட்டார். வகுப்பில் எல்லோரும் பாராட்டியது அந்த வரியைத்தான். "எப்படிடி இப்படி எழுதுற?" என்று ஒருத்தி கேட்டாள். தானா வருதுப்பா என்றேன்.

வீட்டில் ஆச்சிக்கு மலரை முழுக்க வாசித்துக் காட்டினேன். படக்கதை, மேஸ்திரி எல்லாவற்றுக்கும் ம் கொட்டிக்கொண்டே இருந்தவள், கடைசி வரி வந்ததும் பாக்கு இடிப்பதை நிறுத்திவிட்டு, "அதை இன்னொருக்கா படி" என்றாள். இந்தத் தடவை கொஞ்சம் ஏற்ற இறக்கத்தோடு படித்தேன். யார் எழுதியது என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லிக்கொள்ளவில்லை.