முருங்கை மரம் ஏறிய ஈ.எஸ்.ஆர்.

"ஈ.எஸ்.ஆர். ஏறிப்போச்சு! எவ்வளவு பாடுபட்டும் இறங்க மாட்டேங்குது!"

என் வீட்டுக்காரர் புறவாசலில் நின்று இப்படிச் சத்தம் போட்டபோது நான் சென்னையில் இருக்கும் நாத்தனாரோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். அரைமணி நேரத்தில் எங்கள் சொந்தம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. கோயம்புத்தூர்ச் சித்தி அழுதே விட்டாராம். மறுநாள் ரயிலுக்கு இரண்டு டிக்கெட் எடுத்தாயிற்று என்றும் தகவல் வந்தது. ஏறியது என் ரத்தப் பரிசோதனை எண் அல்ல, ஒரு பெட்டைக்கோழி என்று ஒவ்வொருவருக்கும் விளக்கி முடிப்பதற்குள் எனக்கு நிஜமாகவே மூட்டு வீங்கிவிட்டது. வேதாளத்துக்குப் பிறகு முருங்கை மரத்தின் மேல் இத்தனை பிடிவாதம் காட்டியது எங்கள் ஈ.எஸ்.ஆர். ஒன்றுதான்.

முடக்குவாதம் வந்த நாளிலிருந்து ரத்தம் கொடுத்துக் கொடுத்து, எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த பெயர்கள் பரிசோதனைச் சீட்டில் இருப்பவைதான். கோழிகள் வந்ததும் அவையே வாயில் வந்தன. செம்பட்டை நிறத்தில் இருப்பது ஹீமோகுளோபின். இலை விழுந்தாலும் ஊரைக் கூட்டுவது சி.ஆர்.பி. எப்போதும் அளவோடு இருக்க வேண்டும் என்ற வேண்டுதலோடு ஒன்றுக்கு கிரியாட்டினின் என்று வைத்தேன். வேண்டுதல் பலித்திருக்கிறது. வாங்கியதைத் தின்றுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கும் ஒரே கோழி அதுதான்.

முடக்குவாதம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இது வயசானதால் வரும் மூட்டுத் தேய்மானம் இல்லை. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி ஆள் மாறிப்போய்ச் சொந்த மூட்டுகளையே அடிப்பது. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. அந்த விறைப்பு விட ஒரு மணி நேரம் ஆகும், சில நாள் அதற்கும் மேல். வாரம் ஒரு நாள் மட்டும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை. எனக்குச் செவ்வாய்க்கிழமை. ஆகவே புதன்கிழமைகளில் குமட்டலும் நானும் மட்டும் இருப்போம், வேறு யாரும் எங்களைத் தொந்தரவு செய்யக் கூடாது.

ஆனால் செய்தார்கள். நம் ஊரில் நோயாளியைப் பார்க்க வருவது ஒரு கடமை. வந்தால் வைத்தியம் சொல்லாமல் போவது அவமரியாதை. முடக்கத்தான் கீரையில் தோசை, முடக்கத்தான் ரசம், முடக்கத்தான் துவையல் என்று தின்று, எங்கள் கொல்லையில் அந்தக் கொடியே இல்லாமல் போயிற்று. அடுத்த வரிசையில் வந்தவர்கள் நாட்டுக்கோழி சூப் என்றார்கள். கருங்கோழியாக இருந்தால் இன்னும் விசேஷமாம். எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "இப்போ எப்படி இருக்கு?" பரவாயில்லை என்றால் முகத்தில் ஓர் ஏமாற்றம். வலிக்கிறது என்றால், இதே வலியில் போய்ச் சேர்ந்த ஒருவரின் கதை.

எங்களுக்குப் பால் ஊற்றும் ஆச்சி மட்டும் எதுவும் கேட்கவில்லை. வாசலில் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தாயி, படுத்தே கெடந்தா உடம்பு படுத்தாம என்ன செய்யும்? நாலு பெட்டையக் கொண்டாந்து விடுதேன். அதுக உன்னைய எந்திரிக்க வச்சிரும்" என்றார். சொன்னபடி மறுநாளே நான்கு சிறுவிடைக் கோழிகள், காலைக் கட்டித் தலைகீழாக, பால் தூக்குக்குப் பக்கத்தில் வந்து இறங்கின.

அடுத்த முறை போனபோது மூட்டு மருத்துவரிடம் சொன்னேன். "கோழியா?" என்று பேனாவைக் கீழே வைத்தார். நான் சாப்பிடும் மாத்திரை எதிர்ப்புச் சக்தியை அடக்குவது. கோழி பார்க்க நன்றாக இருந்தாலும் அதன் எச்சத்தில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். ஆகவே தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், முகத்தோடு வைத்துக் கொஞ்சக் கூடாது, முட்டையை அரைவேக்காட்டில் சாப்பிடக் கூடாது, கூட்டைச் சுத்தம் செய்யும் வேலையை வேறொருவர் முகக்கவசம் போட்டுக்கொண்டு செய்ய வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, கடைசியில் சொன்னதை மட்டும் மருந்துச் சீட்டிலேயே எழுதித் தரும்படி கேட்டேன். எழுதினார். இத்தனை வருஷ வைத்தியத்தில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த சீட்டு அது. வீட்டுக்காரர் மூன்று தடவை படித்துப் பார்த்துவிட்டு மண்வெட்டியை எடுத்தார். இப்போது அவர் கறிவேப்பிலைச் செடிக்குக் கோழி எரு போடுவதில் ஊருக்கே ஆலோசகர்.

ஆச்சி சொன்னது நடந்ததா என்றால், நடந்தது. முன்பெல்லாம் விறைப்பு விடட்டும் என்று ஒன்பது மணி வரை படுக்கையில் கிடப்பேன். கோழிகளுக்கு விறைப்பு, வீக்கம் எதுவும் கணக்கில்லை. விடிந்தால் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் சி.ஆர்.பி. தொடங்கும், மற்றவையும் சேர்ந்துகொள்ளும், அப்புறம் தெருவே எழுந்துவிடும். கூட்டின் இரும்புத் தாழ்ப்பாளை என் விரல் திருப்பாது என்பதால் தச்சர் ஒரு மரக்கட்டையைக் குறுக்கே போட்டுக் கொடுத்தார். முழங்கையாலேயே தள்ளிவிடலாம். கதவு திறந்ததும் நாலும் என்னைத் தாண்டி ஓடும். ஒன்றாவது நின்று "இப்போ எப்படி இருக்கு?" என்று கேட்டதில்லை. அந்த அலட்சியத்துக்கு ஈடான ஒத்தடத்தை நான் இன்னும் கண்டதில்லை.

பிசியோதெரபிஸ்ட் ஒரு பஞ்சுப் பந்தைக் கொடுத்து, பிடித்துப் பிடித்து விடச் சொல்லியிருந்தார். எனக்கு அந்தப் பந்தைக் கண்டாலே தூக்கம் வரும். கம்பை அள்ளிப் பிடித்து, விரலை விரித்து எறிவதும் அதே பயிற்சிதான். வித்தியாசம், எதிரே எட்டுக் கண்கள் காத்திருக்கும். வீக்கம் அதிகமான நாட்களில் இரண்டே கம்பு மணிகள் விழும். அதற்கும் அடிதடி நடக்கும்.

பிறகு முட்டை. கோழியின் உடல் வெப்பம் ஏறக்குறைய 41 டிகிரி செல்சியஸ். நமக்கு அது கடுங்காய்ச்சல். அப்போதுதான் இட்ட முட்டையைக் குளிர்ந்துபோன விரல்களுக்குள் பொத்தி வைத்திருப்பது எப்படி இருக்கும் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. மருத்துவமனையில் உருக்கிய மெழுகில் கையை முக்கி எடுப்பார்கள். அதற்குக் கட்டணம் உண்டு. இங்கே கட்டணம் ஒரு கேறல். முட்டையிட்டதும் கோழி கேறுவது வலியிலா பெருமையிலா என்று வீட்டுக்காரர் கேட்டார். இரண்டும் ஒன்றாக வருகிற சந்தர்ப்பங்கள் உண்டு, ஆண்களுக்குச் சொன்னால் புரியாது என்றேன்.

ஒரு முட்டை உருவாக இருபத்தைந்து, இருபத்தாறு மணி நேரம் ஆகும். அதில் பெரும்பகுதி ஓடு கட்டுவதற்கே போய்விடும். அதனால்தான் இன்று எட்டு மணிக்கு இட்ட கோழி நாளை ஒன்பதுக்கு, அப்புறம் பத்துக்கு என்று தள்ளிக்கொண்டே போய், ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொள்ளும். வீட்டுக்காரர் கணக்குத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். கூடு, வலை, குருணை, கம்பு, தச்சர் கூலி எல்லாம் கூட்டி முட்டை எண்ணிக்கையால் வகுத்து, "ஒரு முட்டை நாற்பத்து மூன்று ரூபாய் அடங்குது" என்றார். நாமக்கல்லில் இருந்து லாரி லாரியாக முட்டை போகிற மாநிலத்தில் இது அநியாயம்தான். நான் என் ஊசி மருந்தின் பில்லை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அதற்குப் பிறகு முட்டைக் கணக்கு நோட்டு எங்கே போனது என்று தெரியவில்லை.

என்னைப் போன்ற கிறுக்குகள் வெளிநாட்டிலும் உண்டு என்று பிறகுதான் படித்தேன். ஃபிளானரி ஓ'கானர் என்ற அமெரிக்க எழுத்தாளருக்கு லூபஸ். அதுவும் எதிர்ப்புச் சக்தி தன் ஆளையே அடிக்கிற நோய்தான். அதே நோயில் அப்பாவைப் பறிகொடுத்தவர். நோய் வந்ததும் ஜார்ஜியா மாநிலத்தில் அம்மாவின் பண்ணைக்குத் திரும்பி, கோழி, வாத்து, மயில் என்று வளர்த்துக்கொண்டே எழுதினார். 1964-இல், 39 வயதில் இறந்தார். சின்னப் பிள்ளையாக இருந்தபோது பின்பக்கமாக நடக்கும் கோழி ஒன்றை வைத்திருந்தாராம். அதைப் படம்பிடிக்க ஒரு செய்திப்பட நிறுவனமே வீடு தேடி வந்திருக்கிறது. கோழிக்குக் கோட்டு தைத்துப் போட்டவர். எனக்கு ஊசியில் நூல் கோக்க விரல் வராது. இல்லாவிட்டால் கிரியாட்டினினுக்கு ஒரு பட்டுப் பாவாடை நிச்சயம்.

இங்கிலாந்தில் கேட்ஸ்ஹெட் என்ற ஊரில், ஈக்குவல் ஆர்ட்ஸ் என்கிற தொண்டு நிறுவனம் ஹென்பவர் என்று ஒரு திட்டமே நடத்தியது. முதியோர் குடியிருப்புகளில் கோழிகளைக் கொண்டுபோய் விட்டு, அங்கிருக்கும் பெரியவர்களையே வளர்க்க வைப்பது. நார்தம்பிரியா பல்கலைக்கழகத்தார் அதை ஆராய்ந்து, அவர்களின் தனிமை குறைந்தது என்று எழுதினார்கள். நம் ஆச்சிக்கு எந்தப் பல்கலைக்கழகமும் இல்லை, பால் தூக்கு மட்டும்தான்.

இதற்கிடையில் கிரியாட்டினின் அடை உட்கார்ந்தது. இருபத்தொரு நாள். ஒரு நாளைக்கு ஒரே தடவை எழுந்து, அவசரமாக நாலு வாய் தின்று, மறுபடி போய்ப் படுத்துக்கொள்ளும். கிட்டே போனால் சிலிர்த்துக்கொண்டு உறுமும். நான் நாள் முழுக்கப் படுத்திருந்தபோது "கொஞ்சம் எந்திரிச்சு நடந்தா என்ன?" என்று கேட்ட எங்கள் வீட்டார், அதன் பக்கத்தில் போகும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். படுக்கைக்குக் கீழே நாலு முட்டை இருந்தால் எந்த நோயாளிக்கும் மரியாதைதான்.

பொரித்த குஞ்சுகளில் ஒன்று சேவலாகி நின்றது. அதற்குப் பெரிய டாக்டர் என்று பெயர். காலையில் பின்னால் நாலு பேர் வர, ரவுண்ட்ஸ் போவார். தீனி கண்டால் தான் தின்னாமல் பெட்டைகளைக் கூப்பிடுவார். தீனி இல்லாமலே கூப்பிடுவதும் உண்டு. போய்ப் பார்த்தால் வெறும் கூழாங்கல். தொழில் தெரிந்தவர்.

இவ்வளவு சொன்னேன், ஒன்றை மறைக்கக் கூடாது. கோழிகளுக்கு நோயாளி என்றால் ஆகாது. ஒரு நாள் ஹீமோகுளோபின் இறக்கை தொங்க ஓரமாக நின்றது. கோழி தன் நோயை முடிந்தவரை மறைக்கும். நம் கண்ணுக்குத் தெரியும்போது பாதி முற்றியிருக்கும். மற்றவை என்ன செய்தன? ஆறுதல் சொல்லவில்லை, சூப்பு சிபாரிசு செய்யவில்லை. கொத்தின. தலையிலேயே கொத்தின. கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை இருக்கிறது. நார்வேயில் ஷெல்டெருப்-எப்பே என்பவர் சின்ன வயதிலிருந்து கோழிகளைப் பார்த்துக்கொண்டே இருந்து, பெரியவரானதும் 1921 வாக்கில் இதை ஆராய்ச்சியாகவே எழுதினார். உடம்பு தளர்ந்த கோழி அந்த வரிசையில் வழுக்கிக் கீழே போய்விடும். பஞ்சாரத்துக்குள் தனியாகக் கவிழ்த்து வைத்து, கால்நடை மருத்துவர் தந்த மருந்தைத் தண்ணீரில் கலந்து வைத்தோம். பிழைத்துவிட்டது. ஆனால் வெளியே விட்டதும் தன் இடத்துக்காக முதலிலிருந்து சண்டை போட வேண்டியிருந்தது. நான் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபோது என் அடுக்களையில் அஞ்சறைப்பெட்டி இடம் மாறி, நாத்தனார் கையில் கரண்டி இருந்தது ஞாபகம் வந்தது. நல்லவேளை, அவர் கொத்தவில்லை. அன்று ராத்திரி கோயம்புத்தூர்ச் சித்திக்கு நானாகவே போன் செய்து, அவர் சொன்ன மூன்று வைத்தியத்தையும் கேட்டுக்கொண்டேன்.

கால்நடைத் துறை வருஷா வருஷம் கோழிக் கழிச்சல் நோய்க்குத் தடுப்பூசி முகாம் போடுகிறது. ராணிக்கேட் என்று சொல்வார்களே, வந்தால் ஒரே வாரத்தில் கூட்டைக் காலி செய்துவிடும் வெள்ளைக் கழிச்சல், அதுதான். ஒயர்கூடையில் கோழிகளைப் போட்டுக்கொண்டு நானும் வரிசையில் நின்றேன். நோய் வந்தபின் கல்யாணம், கோயில் என்று எதற்கும் போகாத நான், அன்று பாதி ஊரைப் பார்த்துவிட்டேன். யாரும் என் உடம்பைப் பற்றிப் பேசவில்லை. கீரிப்பிள்ளை, பருந்து, கரையான் பிடிக்கிற விதம், இவைதான் பேச்சு. ஊசி போட்டவர் விளையாட்டாக "இது பேரு என்னம்மா?" என்று கேட்டார். சொன்னேன். கையில் ஊசியோடு கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டார்.

உங்களுக்கும் நாள்பட்ட நோய் இருந்து, கொல்லையில் பத்தடி இடமும் இருந்தால், முதலில் உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். ஒற்றைக் கோழி வாங்காதீர்கள், அது ஏங்கிப்போகும். மூன்று நான்காவது வேண்டும். எச்சம் அள்ளும் ஆளை மருந்துச் சீட்டு மூலமாகவே நியமித்துக்கொள்ளுங்கள். என்னைப் பார்க்க வர நினைக்கும் சொந்தபந்தங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஹார்லிக்ஸ், ஆப்பிள் எதுவும் வேண்டாம். ஒரு கிலோ கம்பு வாங்கி வாருங்கள். புதன்கிழமை மட்டும் வராதீர்கள்.