லினக்ஸ் டெஸ்க்டாப்பில் வடகலையும் தென்கலையும்: ஓர் ஆய்வு

விண்டோஸை விட்டு லினக்ஸுக்கு வந்தவன் முதல் வாரம் என்ன செய்கிறான்? வேலை செய்வதில்லை என்பது வெளிப்படை. பேனல் மேலே இருக்கட்டுமா கீழே இருக்கட்டுமா, ஐகான் வட்டமா சதுரமா, வால்பேப்பரில் மலையா கடலா என்று நள்ளிரவு தாண்டியும் விழித்திருக்கிறான். கோயில் வழக்குகளையும் கட்சிப் பிளவுகளையும் ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவர்கள் ஏராளம். இவனை ஆராய ஒருவரும் முன்வரவில்லை. அக்குறை இக்கட்டுரையால் நீங்குகிறது.

முதலில் காலம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11க்குப் போகலாமென்றால் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி வேண்டும், பிராசஸரும் புதிதாக இருக்க வேண்டும். நேற்றுவரை ஒழுங்காக ஓடிய மடிக்கணினி, விடிந்ததும் தகுதி இழந்து நின்றது. ஆய்வுலகம் கவனிக்க வேண்டிய நாள்பொருத்தம் ஒன்று இங்கே உண்டு. 1996இல் இதே அக்டோபர் 14 அன்றுதான் ஜெர்மனியின் ட்யூபிங்கன் பல்கலைக்கழக மாணவர் மத்தியாஸ் எட்ரிக், கேடிஇ என்னும் டெஸ்க்டாப்பை உருவாக்கப்போவதாக அறிவித்தார். ஜோதிடர்கள் இதற்கு ஏதேனும் காரணம் சொல்லக்கூடும். நாம் குறித்துக்கொண்டு மேலே செல்வோம்.

அடுத்து எல்லை. டாலியில் கணக்கு எழுதுவோரும், யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களை வைத்துக்கொண்டு பேஜ்மேக்கரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி கடைக்காரர்களும் இந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. அவர்கள் விண்டோஸை விட்டு நகர மாட்டார்கள். முகூர்த்த மாதத்தில் அவர்களை நகரச் சொல்வதும் பாவம்.

இனிக் கோட்பாடு. ஸ்ரீவைஷ்ணவத்தில் இறைவனை அடையும் வழி குறித்து இரண்டு நியாயங்கள் உண்டு என்பதை அறிவோம். குரங்குக்குட்டி தானே தாயை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பது வடகலை. பூனைக்குட்டி சும்மா கிடந்தால் போதும், தாய் வந்து கவ்விக்கொண்டு போகும் என்பது தென்கலை. மர்க்கட நியாயம், மார்ஜார நியாயம் என்பன இவற்றின் பெயர்கள். லினக்ஸ் டெஸ்க்டாப் என்னும் துறை முழுவதையும் இந்த இரண்டிற்குள் அடக்கிவிடலாம் என்பதே நம் கருதுகோள்.

கேடிஇ மர்க்கடம். பயனர் பற்ற வேண்டும். பற்றுவதற்கென்றே செட்டிங்ஸுக்குள் செட்டிங்ஸாகப் போய்க்கொண்டிருக்கிறது. சாளரத்தைப் பிடித்து இழுத்தால் அது அல்வாத் துண்டுபோல் நெளிந்து ஆட வேண்டுமா? அதற்கு ஓர் இடத்தில் டிக் செய்ய வேண்டும். எவ்வளவு நெளிய வேண்டும் என்பதற்குத் தனியே ஓர் அளவுகோலும் வைத்திருக்கிறார்கள். உலகில் எந்த அலுவலகத்திலும் எந்த மேலாளரும் சாளரம் நெளியவில்லையே என்று வருந்தியதில்லை. ஆயினும் புதிதாக வந்தவன் கண்டுபிடிக்கும் முதல் அமைப்பு அதுதான். வீட்டிலுள்ள எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுகிறான். ‘சரி, நல்லா இருக்கு’ என்று சொல்லிவிட்டு அவர்கள் டிவி பார்க்கப் போகிறார்கள்.

அதற்குப் போட்டி டெஸ்க்டாப்பான க்னோம் மார்ஜாரம். நீ ஒன்றும் செய்ய வேண்டாம், உனக்கு எது நல்லதென்று எங்களுக்குத் தெரியும் என்பது அதன் சாரம். 2011 ஏப்ரலில் க்னோம் 3 வந்தபோது, சாளரத்தின் மூலையிலிருந்த மினிமைஸ் பொத்தானை எடுத்துவிட்டார்கள். சாளரத்தைக் கீழே ஒளித்துவைக்கும் ஆசையே ஒரு பற்று என்று கருதினார்கள் போலும். சரணடைந்தவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். சரணடையாதவர்கள் எக்ஸ்டென்ஷன் போடுகிறார்கள். மார்ச்சிலும் செப்டம்பரிலும் க்னோமின் புதிய பதிப்பு வரும். வந்ததும் சில எக்ஸ்டென்ஷன்கள் படுத்துக்கொள்ளும். பூனை கவ்விய குட்டி திமிறினால் பல் படத்தானே செய்யும்.

வழக்கின் மூலத்தையும் சொல்லிவிட வேண்டும். கேடிஇ கட்டப்பட்டிருந்த க்யூட்டி என்னும் நூலகத்தின் உரிமம் அன்று முழுச் சுதந்திர உரிமமாக இல்லை. இதைப் பொறுக்காமல்தான் மெக்சிகோவைச் சேர்ந்த மிகேல் தே இகாசாவும் ஃபெதெரிகோ மேனாவும் 1997 ஆகஸ்டில் க்னோமைத் தொடங்கினார்கள். 2000இல் க்யூட்டி ஜிபிஎல் உரிமத்தின் கீழும் வந்துவிட்டது. சண்டைக்கான காரணம் அத்தோடு தீர்ந்தது, சண்டை தீரவில்லை. யானைக்கு எந்த நாமம் போடுவது என்று வழக்காடிய ஊர்க்காரர்களுக்கு இதில் வியப்பு இராது.

ஒரு தடையை இங்கே எழுப்பலாம்: இரண்டும் வேண்டாம் என்பவர்களை எங்கே வைப்பது? க்னோம் 3 பிடிக்காமல் பழைய க்னோம் 2ஐயே பிரதியெடுத்து ‘மாட்டே’ என்று ஓடவிட்டார் அர்ஜென்டினாக்காரர் ஒருவர். அந்நாட்டவர் குடிக்கும் பானத்தின் பெயரே அதற்கும். லினக்ஸ் மின்ட் குழுவினர் சினமனைச் செய்தார்கள்: கீழே பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம். அதாவது, விண்டோஸைத் துறந்து வந்தவனுக்கு அவன் துறந்ததே கிடைக்கும். பத்துக்கு எட்டுப் பேர் இதில்தான் நிலைபெறுகிறார்கள் என்பது நம் அனுமானம். அனுமானமும் பிரமாணங்களில் ஒன்று என்று தர்க்க நூலார் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். லினக்ஸ் கர்னலை 1991இல் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸே க்னோம் 3ஐத் திட்டிவிட்டு எக்ஸ்எஃப்சிஇக்குப் போனார். பின்னர் எக்ஸ்டென்ஷன்களை மாட்டிக்கொண்டு க்னோமுக்கே திரும்பினார். ஆசாரியரின் நிலையே இதுவானால் அடியார்களைக் குறைசொல்வதற்கில்லை.

மர்க்கடத்தார் விட்டுக்கொடுத்த நிகழ்வு ஒன்றும் பதிவாகியுள்ளது. கேடிஇயில் நெடுங்காலம் ஒரு சொடுக்கிலேயே கோப்பு திறந்துவிடும். விண்டோஸ் பழக்கத்தில் இரண்டு முறை சொடுக்குபவனுக்குச் சில சமயம் ஒரே கோப்பு இரண்டு முறை திறந்துகொள்ளும். கணினியில் பேய் புகுந்ததாக அவன் நம்புவான். 2024 பிப்ரவரியில் வெளிவந்த கேடிஇயின் பிளாஸ்மா 6 பதிப்பில் இரட்டைச் சொடுக்கையே வழக்கமாக்கிவிட்டார்கள். ஒற்றைச் சொடுக்கர்கள் இன்றும் அதை மன்னிக்கவில்லை. எக்ஸ்11, வேலண்ட் என்ற உட்பிரிவுத் தகராறும் உண்டு. அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும், எழுத நமக்குத் தெம்பில்லை.

இறுதியாகக் களப்பணி. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியரான என் பெரியப்பாவின் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட் ஏற்றிக் கொடுத்து, இரண்டு நியாயங்களையும் விரிவாக விளக்கினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“டேய், பேத்தியோட ஹால் டிக்கெட்டைப் பிரிண்ட் எடுக்கணும். அது வருமா வராதா?”

“வரும் பெரியப்பா. ஆனா இதுல மினிமைஸ் பொத்தான் எந்தப் பக்கம் இருந்தா உங்களுக்கு...”

“பிரிண்டர் வயரைக் குடு.”

வயரைச் செருகினார். சிடி கேட்கவில்லை, டிரைவர் கேட்கவில்லை. பிரிண்டரின் பெயர் திரையில் தானாகவே வந்து நின்றது. பற்றவுமில்லை, சரணடையவுமில்லை, ஹால் டிக்கெட் மட்டும் வந்துவிட்டது. இது கருதுகோளுக்குப் பொருந்தாததால் பெரியப்பா நாத்திகர் என வகைப்படுத்தப்பட்டு, தரவிலிருந்து நீக்கப்பட்டார்.