மடித்து ஏற்றத் தக்க கனிமங்கள்

வளைத்தால், வெட்டினால், உடைத்தால் ஒரு கனிமம் எப்படி நடந்துகொள்ளும் என்பதை வைத்துக் கனிமவியலார் ஆறு வகுப்புப் பிரித்திருக்கிறார்கள்: நொறுங்குவது, தகடாக அடிபடுவது, கத்திக்குச் சீவ வருவது, கம்பியாக இழுபடுவது, வளைந்தபடியே கிடப்பது, வளைந்து மீள்வது. எல்லாவற்றுக்கும் காரணம் அணுப்பிணைப்பு என்பது அவர்கள் கட்சி. திருவள்ளூர் மாவட்டச் சான்றுகளோ காரணம் வண்டி என்கின்றன. எந்தப் பொருளும் தன்னைச் சுமக்கும் வாகனத்தின் நீளம் பார்த்தே வளைகிறது அல்லது உடைகிறது என்பது இக்கட்டுரையின் துணிபு.

முதற்சான்று கும்மிடிப்பூண்டி. அங்குள்ள ஆலைகளில் பழைய இரும்பு உருகிக் கம்பியாகிறது. வழக்கமான நீளம் 12 மீட்டர். லாரிக்கு அவ்வளவு நீளம் இல்லாதபோது கம்பி கொண்டை ஊசிபோல நடுவில் மடிகிறது. முறியாததற்கு உலோகவியல் சொல்லும் சமாதானம்: தணலாய் வரும் கம்பிமேல் தண்ணீரைப் பாய்ச்சுவதால் புறம் விறைக்கிறது, அகம் மிருதுவாகவே இருக்கிறது. பலாப்பழத்துக்கு இது புதிதல்ல. ஐ.எஸ். 1786 தரவிதி இன்னும் கடுமை. வளைத்த கம்பியை அரைமணி நேரம் கொதிநீரில் போட்டு, ஆறவிட்டு, பிறகு சற்றே நிமிர்த்திப் பார்க்கச் சொல்கிறது. இட்லிக்குக்கூட இவ்வளவு நேரம் கிடையாது. கம்பி உலை பெற்ற பிள்ளை, கனிமமே அல்ல என்று மறுப்பார் உண்டு. உண்மைதான். ஆனால் ஹெமடைட் தட்டினால் நொறுங்கும். அதிலிருக்கும் ஆக்சிஜனை நீக்கினால் மிஞ்சும் இரும்பு வளையும். பாரம் இறங்கியதும் குணம் மாறுவது சரக்குப் போக்குவரத்து அல்லாமல் வேறென்ன?

வலுவான மறுப்பு அத்திரம்பாக்கத்திலிருந்து வருகிறது. 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டெடுத்த, கொசஸ்தலையாற்றுப் படுகை ஊர் அது. அங்குள்ள மிகப் பழைய கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் வயது. கல் குவார்ட்சைட், அதை எந்த வண்டியிலும் மடித்து ஏற்ற முடியாது. மணல் மணிகளைச் சிலிக்கா இறுகப் பிடித்திருப்பதால், விரிசல் மணிகளைச் சுற்றிப் போகாமல் ஊடறுத்தே போகிறது; சிப்பியின் உட்புறம்போலக் குழிந்த தழும்பும் கூரிய விளிம்பும் கிடைக்கின்றன. விளிம்பைக் கண்டு மயங்கியவர்கள் அளவைக் கவனிக்கவில்லை. கைக்கோடரி ஒரு கைப்பிடிக்குள் அடங்குகிறது. அந்நாளில் வேறு வாகனம் ஏது?

காக்காப்பொன் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. கும்மிடிப்பூண்டியிலிருந்து ரயில்பாதையில் வடக்கே போனால் அதற்குப் பேர்போன கூடூர் வட்டாரம். அதன் தகட்டை வளைத்துவிட்டால் துள்ளி நிமிர்ந்துவிடும், மடிப்பு நிற்காது. ஆயினும் இதழ் இதழாகப் பிரிகிறது, அடுக்கிக் கட்ட வசதி. லாரியை வேண்டாம் என்றதே தவிர, பார்சலை மறுக்கவில்லை.

கட்டட வாசலில் கம்பியை எவ்வளவு நிமிர்த்தினாலும் நடுவில் ஒரு நெளிவு தங்கிவிடுகிறது. ஆறு வகுப்பு பிரித்தவர்கள் இதற்குப் பெயர் வைக்கவில்லை. 'லாரித் தழும்பு' என்று முன்மொழிகிறேன்.